மூன்று சக்கரங்களும் ஓர் எச்சரிக்கைச் சீட்டும்: பழைய ஹோண்டா ஏடிசி வண்டியை மீட்டெடுப்பது பற்றி

1987 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் ஒரு வாகன வகையின் விற்பனை ஏறத்தாழ ஒரே நாளில் நின்றுபோனது. ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய ஐந்து நிறுவனங்கள் அமெரிக்க அரசுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. காடு, மணல், பனி, சேறு எனச் சாலையற்ற நிலங்களில் ஓடுவதற்காக உருவாக்கப்பட்ட மூன்றுசக்கர வண்டிகளை இனிப் புதிதாக விற்பதில்லை என்பது அதன் முதன்மையான விதி. 1988 ஏப்ரலில் நீதிமன்றம் அதற்கு இறுதி ஒப்புதல் வழங்கியது. பத்தாண்டுக் காலத்துக்குச் செல்லுபடியாகும் என்று வகுக்கப்பட்ட அந்த உடன்பாடு 1998 ஏப்ரலில் காலாவதியானது. ஆயினும் எந்தப் பெருநிறுவனமும் அந்த வண்டியைத் திரும்பக் கொண்டுவரவில்லை. 2008ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் புதிய மூன்றுசக்கர வண்டிகளின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் வெளிப்படையாகவே தடை விதித்தது.

ஆனால், ஏற்கெனவே விற்கப்பட்ட வண்டிகள் மக்கள் கையிலேயே தங்கிவிட்டன. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற கோரிக்கை அன்று எழுந்தும் உடன்பாட்டில் அது இடம்பெறவில்லை. வீட்டுக் கொட்டகைகளிலும் பண்ணைக் களஞ்சியங்களிலும் கிடந்த அந்த வண்டிகளை, சிறுவயதில் அவற்றை ஓட்டி இப்போது நடுவயதைக் கடந்தவர்கள் இன்று தேடி எடுத்துப் புதுப்பிக்கிறார்கள். தொழில்நுட்ப வரலாறும் பொருள்சார் பண்பாடும் பயிலும் மாணவர்கள் இந்தப் பொழுதுபோக்கைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆபத்தானது என்று அரசும் நீதிமன்றமும் சேர்ந்து சந்தையிலிருந்து நீக்கிய ஒரு பொருளை ‘மீட்டெடுப்பது’ என்றால் எதை மீட்டெடுப்பது என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

முதலில் வண்டி பிறந்த கதை. 1967இல் அமெரிக்க ஹோண்டா நிறுவனம் ஜப்பானிலுள்ள தன் தாய்நிறுவனத்திடம் ஒரு கோரிக்கையை வைத்தது. இலையுதிர் காலம் தொடங்கியதும் மோட்டார் சைக்கிள் விற்பனை சரிந்துவிடுகிறது. பனிக்காலத்திலும் விற்பனையாளர்களுக்குக் கடை ஓட ஏதேனும் ஒரு பொருள் வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை. பணி ஒசாமு தகேயூச்சி என்ற பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை பல அமைப்புகளைச் செய்து பார்த்தார். பனியிலும் சேற்றிலும் வழுக்கும் நிலத்திலும் மூன்று சக்கரமே நன்றாகச் செயல்பட்டது. ஆனால் டயர்தான் பிடிபடவில்லை. மோட்டார் சைக்கிள் டயர் மென்மையான நிலத்தில் புதைந்தது. அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து ஆம்ஃபிகேட் என்னும் ஆறுசக்கர வண்டியின் டயர் அவருக்கு வந்து சேர்ந்தது. நிலத்திலும் நீரிலும் செல்லும் அந்த வண்டியின் டயர், மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் பலூன்போல உப்பியிருப்பது. அதிலிருந்து விரிந்த சிந்தனையின் விளைவாக 22 அங்குல விட்டமுள்ள, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ இரண்டு பவுண்டு அழுத்தமே வேண்டும் டயர் உருவானது. 1970இல் 90 சிசி எஞ்சினுடன் யுஎஸ்90 என்ற பெயரில் வண்டி 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பின்னர் அதன் பெயர் ஏடிசி90 ஆயிற்று.

இதை ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பாகச் சுருக்கிவிடக் கூடாது. அதே 1967இல் மிச்சிகன் மாநிலத்தின் கிரான்புரூக் கலைக் கழகத்தில் ஜான் பிளெசிங்கர் என்ற மாணவர் தம் பட்டமேற்படிப்பின் செய்முறைத் திட்டமாக டிரைகார்ட் என்ற மூன்றுசக்கர வண்டியை வடிவமைத்தார். அதன் உற்பத்தி உரிமையைப் பின்னர் ஸ்பெரி ராண்ட் நிறுவனம் வாங்கியது. குறைந்த அழுத்த டயரும் சிறிய எஞ்சினும் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஒரு கருத்து பல இடங்களில் ஒரே நேரத்தில் முளைப்பதற்கு அந்தச் சூழலே போதுமானதாக இருந்தது. ஹோண்டாவிடம் கூடுதலாக இருந்தவை இரண்டு: நாடு முழுவதும் பரவிய விற்பனை வலை, நம்பத்தகுந்த ஓர் எஞ்சின் குடும்பம்.

அந்த எஞ்சின் குடும்பத்தை நாம் எல்லோரும் அறிவோம் என்பதுதான் வியப்பு. 1958இல் வெளிவந்த சூப்பர் கப் வண்டியிலிருந்து தொடங்கி ஹோண்டா வளர்த்த கிடைநிலைச் சிலிண்டர் எஞ்சின் அது. சிறுவர்களுக்கான ஏடிசி70 வண்டியில் இருப்பது அதன் 72 சிசி வடிவம். சிலிண்டரின் உள்விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 41.4 மில்லிமீட்டர். அதே குடும்பத்தின் 97.2 சிசி வடிவம்தான் 1985இல் இந்தியாவில் ஹீரோ ஹோண்டா சிடி100 ஆகவும், பின்னர் ஸ்ப்ளெண்டராகவும் நம் தெருக்களை நிரப்பியது. பால்காரரையும் அஞ்சல்காரரையும் ஆசிரியரையும் சுமந்த எஞ்சினும், அமெரிக்க மணல்மேடுகளில் சிறுவர்களைச் சுமந்த எஞ்சினும் ஒருவகையில் பங்காளிகள். ஆகவே அந்த வண்டி ஆபத்தானதற்கு எஞ்சினைக் குறை சொல்ல இயலாது. குறை வேறிடத்தில் இருந்தது.

எங்கே இருந்தது? வண்டியைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். தொடக்ககால ஏடிசிகளில் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. அதிர்ச்சியைத் தாங்குவது பலூன் டயர் ஒன்றே. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சுத் தண்டில் இறுக்கமாகப் பொருத்தப்பட்டவை, டிஃபரன்ஷியல் இல்லை. நம் ஆட்டோ ரிக்‌ஷாவும் முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்ற அதே சக்கர அமைப்புக் கொண்டதுதான். ஆனால் அதில் டிஃபரன்ஷியல் உண்டு. திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழல முடியும். ஏடிசியில் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். எனவே கைப்பிடியை மட்டும் திருப்பினால் வண்டி நேராகவே போக முயலும். ஓட்டுபவர் தம் உடல் எடையை நகர்த்தி, வெளிப்பக்கக் கால்மிதியை அழுத்தி, உட்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் வண்டி வளையும். சைக்கிள் ஓட்டிப் பழகிய சிறுவனுக்கு அவனுடைய பழக்கமே இங்கே எதிரியாகிறது.

இன்னொன்று: மூன்று சக்கரங்கள் நிலத்தைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்கு நேர்மேலே இருக்கும்வரைதான் வண்டி நிற்கும். வளைவில் வேகத்தைக் குறைத்தால் பாரம் முன்னோக்கியும் வெளிநோக்கியும் தள்ளப்படுகிறது. முன்னால் இருப்பதோ முக்கோணத்தின் குறுகிய முனை. அந்த இடத்தில்தான் வண்டி கவிழும். பதற்றத்தில் மோட்டார் சைக்கிளில் செய்வதுபோலக் காலை நிலத்தில் ஊன்றினால், பின்சக்கரம் அந்தக் காலின் மேலேயே ஏறும். பார்வைக்கு ஒரு பெரிய பொம்மை போலவும், இரண்டு சக்கர வண்டியைவிட நிலையானது போலவும் தோன்றும் இந்த வண்டி, தன் இயல்பைத் தோற்றத்தால் மறைத்தது. விபத்துகளின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய சொல் ‘தோற்றம்’ என்பதே.

1970களில் வண்டி பரவிய விதமும் கவனத்துக்குரியது. 1971இல் வெளிவந்த ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தின் பாலைவனத் துரத்தல் காட்சியில் அது தோன்றியது. விளையாட்டுக்காக விற்கப்பட்ட வண்டியை விவசாயிகள் வேலைக்குப் பயன்படுத்தினார்கள். வேலி பார்க்கவும், மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோகவும், டிராக்டர் புதையும் ஈர நிலத்தில் போய்வரவும் அது உதவியது. அறுவடை முடிந்த வயலின் தாள்கட்டைகள் முதல் தலைமுறை டயர்களைக் குத்திக் கிழித்தன. அந்தப் புகார்கள் டயரின் உட்கட்டமைப்பை மாற்ற வைத்தன. பொருள் ஏற்றத் தாங்கிகள் கொண்ட ‘பிக் ரெட்’ என்ற வடிவத்தை ஹோண்டா 1982இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயனர்கள் வயலில் செய்த வேலை நிறுவனத்தின் வரைபடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. மறுபக்கம், 1981இல் வந்த ஏடிசி250ஆர் பந்தயத்துக்குரிய வேகத்தை அதே மூன்றுசக்கர முக்கோணத்தின் மேல் ஏற்றியது. எஞ்சின் வளர்ந்தது, முக்கோணம் முக்கோணமாகவே இருந்தது.

1980களின் நடுவில் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து கணக்குகள் வரத் தொடங்கின. 1985இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் நாட்டின் பல ஊர்களில் பொது விசாரணை நடத்தியது. உயிரிழப்புகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இறந்தவர்களில் கணிசமானோர் 16 வயதுக்குட்பட்டவர்கள். உற்பத்தியாளர்கள் ஓட்டுபவரின் கவனக்குறைவைச் சுட்டினார்கள். எதிர்த்தரப்பு வடிவமைப்பைச் சுட்டியது. இந்த விவாதத்துக்குள் நான்குசக்கர வண்டி நுழைந்தது. 1982இல் சுசுகி தன் முதல் நான்குசக்கர வண்டியை அறிமுகப்படுத்தியிருந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களும் அந்தப் பக்கம் திரும்பின. ஆகவே 1987இல் மூன்றுசக்கர வண்டியைக் கைவிடச் சம்மதித்தபோது நிறுவனங்கள் இழந்தது ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த ஒரு சந்தையையே. நான்குசக்கர வண்டிகள் தொடர்ந்து விற்கப்பட்டன. எச்சரிக்கைச் சீட்டு, பயிற்சி, வயது வரம்பு ஆகியவை அவற்றுக்கு நிபந்தனைகளாயின. 90 சிசிக்கு மேற்பட்ட வண்டிகள் 16 வயது நிரம்பியவர்களுக்கு. 70 முதல் 90 சிசி வரையிலானவை 12 வயது நிரம்பியவர்களுக்கு. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், 1985 வரை சிறுவர் வண்டியாகவே அறியப்பட்ட ஏடிசி70 பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த எவருக்கும் உரியதன்று.

இனி மீட்டெடுப்புக்கு வருவோம். கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்த ஓர் ஏடிசி70ஐப் பிரிப்பவர் செய்வது, சுவடியைப் பதிப்பிப்பவர் செய்வதற்கு மிக நெருக்கமானது. முதலில் சட்டகத்தின் எண்ணையும் எஞ்சினின் எண்ணையும் பார்க்கிறார். ஆண்டுகள் பொருந்தாவிட்டால் எஞ்சின் ஒருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. அடுத்து சிலிண்டரைத் திறந்து பிஸ்டனின் தலையைத் துடைக்கிறார். அங்கே 0.25, 0.50, 0.75 என்று ஏதேனும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தால், இயல்பளவைக் காட்டிலும் அத்தனை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடப்பட்டிருக்கிறது. அதற்கேற்பச் சிலிண்டர் குடையப்பட்டிருக்கிறது. எழுதி வைக்கப்படாத பராமரிப்பு வரலாறு அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. கால்மிதியருகே பழைய வெல்டிங் தழும்பு இருந்தால் வண்டி உயரத்திலிருந்து குதித்திருக்கிறது. பின் அச்சுத் தண்டு வளைந்திருந்தால் ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது. கைப்பிடி நுனிகளில் உலோகம் தேய்ந்திருந்தால் வண்டி கவிழ்ந்து உராய்ந்திருக்கிறது.

வேலை முறை எளியது, பொறுமைதான் வேண்டும். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கும். அதன் நுண்துளைகளைக் கம்பியால் குடையாமல் கரைப்பானில் ஊறவைத்துத் திறக்க வேண்டும். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மட்கார்டு பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலில் சிவப்பு வெளுத்திருக்கும், அதன்மேல் பெயிண்ட் சரியாக ஒட்டாது. பலர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக வார்க்கப்பட்ட நகலை வாங்கி மாட்டுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில்தான் பெரிய தவறு நேர்கிறது. வழக்கமான அழுத்தமானி இரண்டு பவுண்டைச் சரியாகக் காட்டாது. மோட்டார் சைக்கிளுக்கு அடிப்பதுபோல அடித்தால் டயர் பந்தாகிவிடும். வேறு ஸ்பிரிங் இல்லாத வண்டி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். வண்டியின் பாதுகாப்பு முழுவதும் அந்தச் சிறு அளவில் தங்கியிருக்கிறது.

மாற்றியமைப்பவர்கள் வேறு வழியில் போகிறார்கள். 47 மில்லிமீட்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு 52 மில்லிமீட்டர் சிலிண்டரைப் போட்டால் எஞ்சின் 88 சிசி ஆகிறது. அதே பொருத்துப் புள்ளிகளைக் கொண்ட சீன நாட்டு 110 அல்லது 125 சிசி எஞ்சினை முழுவதுமாக மாட்டுகிறவர்களும் உண்டு. வேகம் கூடுகிறது, முன்சக்கர பிரேக் இல்லாத, ஸ்பிரிங் இல்லாத சட்டகம் அப்படியே இருக்கிறது. 1981இல் நிறுவனம் செய்ததை இவர்கள் வீட்டுப் பட்டறையில் சிறு அளவில் மீண்டும் செய்கிறார்கள். எதிர்த்திசையில் போகும் மாற்றங்களும் இருக்கின்றன. பின் அச்சை நீட்டி முக்கோணத்தின் அடியை அகலமாக்குவது அவற்றுள் ஒன்று. 1980களில் மூன்று சக்கரத்தை நான்காக மாற்றும் முன்புறத் தொகுதிகளே தனியாக விற்கப்பட்டன. அவற்றை வாங்கிப் பொருத்தியவர், ஆணையத்தின் அறிக்கை எதையும் படிக்காமலேயே அதன் முடிவுக்கு வந்துவிட்டவர். தன் கைக்கருவிகளால் அவர் எழுதிய விமர்சனம் அது. இன்று அந்த வண்டி கிடைத்தால் ‘தூய்மை’யை விரும்பும் சேகரிப்பாளர் முதல் வேலையாக அந்தத் தொகுதியைக் கழற்றிவிட்டு மூன்று சக்கரமாக்குவார். அதோடு ஒரு சாட்சியமும் கழன்றுவிடும்.

டெல்லியின் பட்பட்டிகளை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் எஞ்சிய அமெரிக்க ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் பயணிகள் அமரும் கூண்டைப் பொருத்தி, பழைய டெல்லிக்கும் கன்னாட் பிளேசுக்கும் இடையே பல்லாண்டுகள் ஓட்டினார்கள். மூல எஞ்சின் தேய்ந்ததும் டீசல் எஞ்சின் வந்தது. உதிரிபாகம் கிடைக்காதபோது பட்டறையில் அடித்துச் செய்தார்கள். காற்று மாசு தொடர்பான நடவடிக்கைகளால் 1990களின் இறுதியில் அவை மறைந்தன. ஒரு பட்பட்டியை ‘மீட்டெடுத்து’ 1942ஆம் ஆண்டின் போர்க்கால ஹார்லியாக மாற்றினால் உலகச் சந்தையில் விலை கிடைக்கும். ஆனால் அதில் பிழைத்த ஓட்டுநர், கூண்டைக் கட்டிய கொல்லர், அதில் ஏறி வேலைக்குப் போன எழுத்தர் ஆகியோரின் ஐம்பதாண்டு வரலாறு சுரண்டப்பட்டுப் போகும். பொருள் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளோடு அதன் வரலாறு முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலான பொருள்களுக்கு அன்றுதான் தொடங்குகிறது.

ஏடிசியில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. காரணம், இங்கே அழிக்கப்படுவது உழைப்பின் தடயம் மட்டுமன்று, காயத்தின் தடயமும் ஆகும். புத்தம் புதுச் சிவப்பு மட்கார்டும் மின்னும் சட்டகமும் நம்மை விற்பனைக் கூடத்தின் முதல் நாளுக்குக் கொண்டுபோகின்றன. அந்த நாளில் 1985இன் விசாரணை இல்லை, பிள்ளையை இழந்த பெற்றோரின் வாக்குமூலம் இல்லை, நீதிமன்றம் இல்லை. ‘முதல் நாளுக்குத் திரும்புதல்’ என்ற ஆசை, நடந்ததை நடக்காததாக்கும் ஆசையாகவும் இருக்கக்கூடும். புதுப்பித்து முடித்த வண்டியில் அடுத்ததாகத் தம் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ ஏற்றும்போது, இது வெறும் அழகியல் விவாதமாக இருப்பதில்லை. ‘நான் ஓட்டினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதத்தை இந்த இடத்தில் பலர் சொல்வார்கள். உயிரோடிருப்பவர்களிடம் மட்டும் கேட்டுத் தொகுக்கப்படும் வரலாற்றின் குறை அதுதான். ஆகாதவர்கள் சொல்லுகிறார்கள், ஆனவர்கள் சொல்ல வருவதில்லை. வாய்மொழி வரலாறு பயிலும் மாணவர்கள் எந்தத் துறையிலும் மறக்கக் கூடாத பாடம் இது.

ஆனால் இந்த வண்டிகளை நசுக்கிப் பழைய இரும்பாக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் வடிவமைப்பு எவ்வாறு ஒருவரை ஏமாற்றுகிறது என்பதைத் தொட்டுக் காட்டும் சான்றையே இழப்போம். என் நிலைப்பாடு மூன்று வரிகளில் அடங்கும். இயந்திரத்தை இயங்கச் செய்யுங்கள்; இயங்காத எஞ்சின் பாதிப் பொய். தழும்புகளைப் படமெடுத்து, மாற்றிய பாகங்களைப் பெயரிட்டு வைத்து, செய்ததை எழுதி வையுங்கள். பழைய மட்கார்டை எறியாதீர்கள். சிறுவர்களை ஏற்றாதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு விவரம். இந்த வண்டிகளுக்கான நகல் ஸ்டிக்கர்கள் இன்று கிடைக்கின்றன. பெயர், இறக்கைச் சின்னம் ஆகியவற்றோடு எச்சரிக்கைச் சீட்டின் நகலும் சில தொகுப்புகளில் வருகிறது. அசலைப் போலவே இருக்கவேண்டும் என்பதற்காகவே அது அச்சிடப்படுகிறது. ஒட்டுகிறவர் பலர் அதை அலங்காரமாகவே ஒட்டுகிறார்கள். ஆனால் வண்டியின் மற்ற எல்லாப் பாகங்களும் அதன் ஆற்றலைப் பேசும்போது, அதன் வரம்பைப் பேசும் ஒரே பகுதி அதுதான். மீட்டெடுத்தவர் வேறு எதை விட்டாலும், அந்தச் சீட்டை வாசிக்கக்கூடிய இடத்தில், வாசிக்கக்கூடிய அளவில் ஒட்டட்டும்.

மாணவ நண்பர்கள் தத்தம் ஊரில் கண்ட மாற்றியமைத்த வண்டிகள், கருவிகள் பற்றிக் கீழே எழுதினால் மகிழ்வேன். யார் மாற்றினார், எதற்காக, எந்தப் பட்டறையில் என்ற மூன்று கேள்விகளோடு எழுதுங்கள். ஒரு நல்ல ஆய்வுக்கட்டுரை அங்கிருந்தே தொடங்கலாம்.